அடுப்பங்கரைப் புகையைச் சுரண்டாதீர்கள்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எங்கள் தாத்தா கட்டிய ஓட்டு வீடு நிற்கிறது. தாத்தா இங்கே சிங்கப்பூரில், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அவர் மாதாமாதம் மணியார்டர் அனுப்ப, அப்பாயி (அப்பாவின் அம்மா) நின்று கட்டிய வீடு அது. ஊரில் இன்றைக்கும் அதற்குப் பெயர் ‘சிங்கப்பூரார் வீடு’. பெயரைக் கேட்டு மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம். வாசலில் இரண்டு திண்ணை, உள்ளே சின்ன முற்றம், ஒரு கூடம், வெளிச்சம் வராத அடுப்பங்கரை, பின்னால் கொல்லை. அவ்வளவுதான்.

பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த அந்த வீட்டை நினைவில்லமாக மாற்றலாம் என்று குடும்பத்தில் பேச்சு எழுந்தது. தாத்தா படத்தை மாட்டி மாலை போடுவதற்காக இல்லை. அந்தத் தெருப் பெண்கள் பாடிய நடவுப் பாட்டு, அப்பாயி போட்ட புள்ளிக் கோலம், மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய பிறகு தெரு இருந்த இருப்பு, சிங்கப்பூரிலிருந்து வந்த கடுதாசியைத் திண்ணையில் ஒருவர் உரக்கப் படிக்க அக்கம்பக்கமே கூடிக் கேட்ட பழக்கம், இதெல்லாம் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்று ஆசைப்பட்டோம். எல்லாரும் பணம் போட்டோம். ஊரில் ஒரு கொத்தனாரைப் பிடித்து, “முதல்ல வீட்டைச் சுத்தம் பண்ணிடுங்க” என்றோம்.

அவர் சொன்னபடி செய்தார். அடுப்பங்கரைச் சுவரில் ஐம்பது அறுபது வருடப் புகை அப்பிக் கிடந்தது. அதைச் சுரண்டி, பட்டி பார்த்து, வெள்ளை எமல்ஷன் அடித்து, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். சுவர் பளபளவென்று இருந்தது. இங்கே ஈசூனில் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்த அத்தை, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். “கணக்கு எங்கடா?” என்றார்.

அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பால்காரருக்கு எத்தனை நாள் பாக்கி, யாருக்கு எத்தனை படி நெல் அளந்தது என்பதையெல்லாம் அடுப்புக் கரியால் அந்தச் சுவரில்தான் கோடு போட்டு வைப்பார். நான்கு கோடு நின்றால் ஐந்தாவது குறுக்கே விழும். பால் கோடு கதவு நிலையின் வலப்பக்கம், நெல் கோடு இடப்பக்கம். பிள்ளைகள் காய்ச்சலில் கிடந்த நாட்களுக்குக்கூட ஒரு தனி அடையாளம் இருந்ததாம். அந்தப் பெண்மணி தன் கையால் எழுதி வைத்துவிட்டுப் போன ஒரே ஏடு அதுதான். அதை நாங்கள் பணம் கொடுத்து அழித்துவிட்டோம்.

கொத்தனார் மேல் தப்பே இல்லை. எதைக் காப்பாற்றப் போகிறோம் என்று எங்களுக்கே தெரியாமல் வேலையைத் தொடங்கியதுதான் தப்பு. ஊரில் இப்படி ஒரு வீடு பூட்டிக் கிடக்கும் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. ‘ஏதாவது செய்யணும்’ என்ற பேச்சும் பல வீடுகளில் ஓடுகிறது. எளிய வீடு ஒன்று நாட்டார் பண்பாட்டின் நினைவில்லமாக எப்படி மாறுகிறது, எங்கே கோட்டை விடுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே பார்த்துவிடலாம்.

யாருடைய வீடு?

தமிழ்நாட்டில் நினைவில்லம் என்றதும் நம் கண் முன் வருவது தலைவர்களின் வீடுகள். விருதுநகரில் காமராசர் வீடு, எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு, காஞ்சிபுரத்தில் அண்ணா வாழ்ந்த வீடு. இவற்றில் சில நம் தாத்தா வீட்டைவிடப் பெரியவை அல்ல. ஆனால் அந்த வீட்டுக்கு மதிப்பைக் கொண்டுவருவது அதில் வாழ்ந்த மனிதர். வருகிறவர் பாதிக் கதையைத் தெரிந்துகொண்டுதான் படியேறுகிறார். நாற்காலியைப் பார்த்தாலும், மூக்குக்கண்ணாடியைப் பார்த்தாலும் மீதியை அவரே நிரப்பிக்கொள்வார்.

நாட்டார் வழக்காற்றுக்கான வீட்டில் அந்த வசதி கிடையாது. அங்கே வாழ்ந்தவரை யாருக்கும் தெரியாது. அம்மி, உரல், முறம், உறி எல்லாம் ஆயிரம் வீட்டில் இருந்தவை. தலைவர் வீட்டுக்குச் செய்கிற வேலையை அப்படியே இங்கே செய்தால், அதாவது வெள்ளையடித்து, பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, சட்டம் போட்ட படத்தை மாட்டினால், பார்க்க வருகிறவர் பத்து நிமிடத்தில் சுற்றிவிட்டு, “எங்க பாட்டி வீட்லயும் இதெல்லாம் இருந்துச்சு” என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்துவிடுவார். அந்த அம்மியில் யார் எத்தனை மணிக்கு எதை அரைத்தார், அரைக்கும்போது என்ன பேசினார், மாதத்தில் எந்த மூன்று நாள் அதைத் தொடவில்லை, அப்போது யார் அரைத்தது என்பதெல்லாம் சொல்லப்பட்டால்தான் அம்மி பேசத் தொடங்கும்.

உலகில் இதை முதலில் பெரிய அளவில் செய்து பார்த்தது சுவீடன். ஸ்டாக்ஹோமில் ஆர்ட்டர் ஹசேலியஸ் என்பவர் 1891இல் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் திறந்தார். ஆலைகள் பெருகி ஊர்கள் மாறிக்கொண்டிருந்த நேரம். குடியானவர் வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி கட்டி, உள்ளே ஆட்களை நடமாட விட்டார். நம் பக்கத்தில் அதற்கு இணையாகச் சொல்லக்கூடியது சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தக்ஷிணசித்ரா. தென்மாநிலங்களில் இடிபடவிருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, தூண் தூணாக, கதவு கதவாகப் பிரித்து எடுத்துவந்து கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டைப் பார்த்து வாய்பிளக்கிற கூட்டம், குயவர் வீட்டையும் நெசவாளர் வீட்டையும் சீக்கிரம் கடந்துவிடுவதை அங்கே போனபோது பார்த்தேன். ஆனால் அதே குயவர் வீட்டில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தால் யாரும் நகர்வதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ராஜஸ்தானில் இருக்கிறது. நாட்டார் வழக்காற்று அறிஞர் கோமல் கோத்தாரி, ஜோத்பூருக்கு வெளியே அர்ணா ஜர்ணா என்ற அருங்காட்சியகத்துக்கு வழிவகுத்தார். அங்கே முதல் காட்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள் துடைப்பம்! எந்த மண்ணில் எந்தப் புல் விளைகிறது, அதை யார் அறுக்கிறார், யார் கட்டுகிறார், வீட்டுக்குள் எது, வாசலுக்கு எது, துடைப்பத்தைச் சுற்றி என்ன நம்பிக்கை என்று ஒரு துடைப்பத்தை வைத்துக்கொண்டு ஒரு வட்டாரத்தின் விவசாயம், சாதி, பெண்களின் வேலை, சாமி எல்லாவற்றையும் சொல்லிவிட முடிந்தது. நம் வீடுகளிலும் துடைப்பத்தை மிதிக்க விடமாட்டார்கள், விளக்கு வைத்த பிறகு குப்பையை வெளியே தள்ளமாட்டார்கள். அதைச் சொல்ல நமக்கு ஓர் இடம் வேண்டும், அவ்வளவே.

தமிழர்களின் எளிய வீடு என்று பார்த்தால் இலங்கையை மறக்க முடியாது. கம்பளைக்கு அருகே ஒரு பழைய தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயன் அறைகளையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007இல் மாற்றினார்கள். 10க்கு 12 அடி அறையில் ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதை ஆயிரம் பக்கம் எழுதலாம். அந்த அறையின் நடுவில் நின்று கையை நீட்டினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். இது மாளிகையால் முடியாத காரியம்.

இங்கே வீடுகள் எங்கே போயின?

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். கம்பத்து (மலாய்மொழியில் ‘கம்போங்’, அதாவது கிராமம்) வீடுகள் ஏன் மறைந்தன என்பதைப் பழைய நினைவின் இனிப்பில் மட்டும் பேசக்கூடாது. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீயின் அத்தாப்பு ஓலைக் குடியிருப்பில் பற்றிய தீ ஏறத்தாழ 16,000 பேரை ஒரே நாளில் வீடற்றவர்களாக்கியது. மலவாளி முறை இந்நாட்டில் 1987 வரை நீடித்தது. வாளியோடு வாழ்ந்தவர்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் முதல்முறை குழாயைத் திறந்தபோது பட்ட மகிழ்ச்சி உண்மையானது. 1966ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் அரசுக்கு வழி திறந்தது. அடுத்த இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் கம்பங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பெருநிலத்தில் இன்று மிச்சமிருப்பது லோரோங் புவாங்கோக் கம்பம் ஒன்றுதான்.

தமிழர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. நம்மவர்களில் பெரும்பகுதி கம்பத்தில் சொந்தமாகக் குடிசை போட்டவர்கள் இல்லை. வேலை கொடுத்தவன் கொடுத்த குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள். ரயில்வே வரிசை வீடு, துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பு, நகராட்சி லயன், ரப்பர் தோட்டம், கடற்படைத் தளம். வேலை போன அன்று வீடும் போயிற்று. 1971இல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பியபோது தளத்தை நம்பியிருந்த குடும்பங்களில் எத்தனை சாமான் கட்டின என்று அத்தை இன்றும் பெயர் பெயராகச் சொல்வார். செம்பவாங்கில் துரைமார் இருந்த கறுப்பு வெள்ளை பங்களாக்கள் இன்றும் மரநிழலில் கம்பீரமாக நிற்கின்றன. தாத்தா இருந்த வரிசை வீட்டைத் தேடிப் போனால் புல்தரைதான். எது நிற்கிறது, எது போகிறது என்பது கட்டடத்தின் அழகை மட்டும் பொறுத்ததில்லை. இங்கே 7,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. பெரும்பாலானவை கடைவீடுகள். கூலித் தமிழன் படுத்த அறைக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைப்பது கடினம்.

கிடைத்த இடங்களையும் பாருங்கள். சிங்கப்பூருக்குள் தஞ்சோங் பகார் வரை ஓடிய மலேசிய ரயில் 2011 நடுவில் அந்தத் தடத்தில் நின்றுபோனது. 1932இல் கட்டிய புக்கிட் தீமா ரயில் நிலையம் பழுதுபார்க்கப்பட்டு 2022இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே ரயில்வே ஊழியர் குவார்ட்டர்ஸ் ஒன்றும் தப்பியது. அது உணவகமாக மாறியது. இடிக்காமல் விட்டதற்கு நான் நன்றி சொல்வேன். ஆனாலும் அங்கே உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது, இந்தச் சுவருக்குள் யார் யார் சமைத்தார்கள், என்ன சாமி கும்பிட்டார்கள் என்று சொல்ல ஒரு குரல் இல்லையே என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது. அதே 1932இல், அதே ரயில்வே தொழிலாளர்கள் குயின்ஸ்டவுன் பக்கம் சிறு குடிலாகத் தொடங்கியதுதான் இன்று காமன்வெல்த் டிரைவில் இருக்கும் முனீஸ்வரன் கோயில். வீடு போய்விட்டது, சாமி மட்டும் இடம் மாறித் தப்பித்துக்கொண்டது. நம் நாட்டார் பண்பாடு சிங்கப்பூரில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டால் கோயில் பக்கம்தான் கை காட்ட வேண்டும். உறுமி மேளம், காவடிச் சிந்து, தீமிதிக்கு முந்தைய நோன்பு, கூழ் காய்ச்சுகிற பாங்கு எல்லாம் அங்கேதான் மூச்சுவிடுகின்றன.

கட்டடத்தை மட்டும் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு கேலாங் சிராய் மலாய் கிராமம் ஒரு பாடம். 1980களின் இறுதியில் பழைய கம்பம் மாதிரியே மரவீடுகளைப் புதிதாகக் கட்டி, கடைகளை வாடகைக்கு விட்டார்கள். கம்பம் மாதிரி இருந்தது, ஆனால் கம்பத்தார் அங்கே குடியிருக்கவில்லை. 2011இல் மூடி, பிறகு இடித்தும் விட்டார்கள். மாறாக, புலாவ் உபின் தீவில் 363பி என்ற எண்ணுள்ள சீனக் குடும்பத்து மரவீட்டைத் தேசியப் பூங்காக் கழகம் பழுதுபார்த்து, 1970களில் இருந்த மாதிரி சாமான்களோடு திறந்து வைத்திருக்கிறது. சின்ன வீடுதான். ஆனால் அது அதே மண்ணில், அதே மரங்களுக்கு நடுவில் நிற்கிறது. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தமும் கொல்லையின் ஈர வாசமும் அங்கே இயல்பாகவே கிடைக்கின்றன. நகரத்தில் கட்டிய மாதிரிக் கிராமத்தால் அதைத் தர முடியவில்லை.

அத்தையின் தாலாட்டு

சுவர் போன பிறகுதான் அத்தையைப் பதிவுசெய்ய வேண்டும் என்று எனக்கு உறைத்தது. அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒரு சனிக்கிழமை போனை மேசையில் வைத்து, “அத்தை, அப்பாயி பாடுற தாலாட்டைப் பாடுங்க” என்றேன். இரண்டு வரி பாடினார். மூன்றாவது வரி வரவில்லை. மறுபடி தொடங்கினார், அதே இடத்தில் நின்றது. “மறந்துபோச்சுடா” என்று எழுந்து போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து என் தங்கை கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தை அழுதது. அத்தை வாங்கி மடியில் போட்டு, காலை நீட்டி, முழங்காலை மெல்ல ஆட்ட ஆரம்பித்தார். பாட்டு வந்தது. அன்று நின்றுபோன மூன்றாவது வரி மட்டும் இல்லை, பதினைந்து இருபது வரி. மாமன் சீர் கொண்டுவருகிற இடத்தில் தாத்தா பெயரும் கப்பல் பெயரும் வந்தன. நான் அவசரமாகப் போனைத் தேடி எடுப்பதற்குள் பாதி போய்விட்டது.

ஒப்பாரி இன்னும் சிக்கல். வீட்டுக்குள் கேட்கவே கூடாது என்றார். “நல்லா இருக்கிற வீட்ல உக்காந்து அதைப் பாடுவாங்களா?” அவர் சொன்னதில் முழு நியாயம் இருந்தது. கள ஆய்வுக்குப் போகிறவர்கள் எல்லாரும் சந்திக்கிற சங்கடம் இது. வீட்டுக்கு வெளியே, ஊருக்கு ஒதுக்கமாகப் போய்த்தான் பதிவுசெய்வார்கள். கடைசியில் அத்தையே ஒரு வழி சொன்னார். புளோக்குக்குக் கீழே, வாய்ட் டெக் எனப்படும் திறந்த தரைத்தளத்தில், கோடியில் இருந்த கல் மேசைக்குப் போனோம். எங்கள் வட்டாரத்தில் சாவு வீடு என்றால் அங்கேதான் பந்தல் போடுவார்கள். அந்த இடத்தில் உட்கார்ந்ததும் அத்தையின் குரல் மாறியது. அப்பாயி செத்த அன்று கடல் தாண்டிப் போக முடியாமல் இங்கேயே அழுத அழுகையைப் பாடினார். கேட்டுக்கொண்டே இருந்தேன், எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

இந்த இரண்டு நாளிலும் நான் கற்றுக்கொண்டதைத்தான் இந்தக் கட்டுரையில் அழுத்திச் சொல்ல வேண்டும். நாட்டார் பாட்டு வெறும் நினைவில் மட்டும் இருப்பதில்லை. கையிலும் காலிலும், செய்கிற வேலையிலும், உட்கார்ந்திருக்கிற இடத்திலும் இருக்கிறது. ஆகவே எளிய வீட்டின் பெரிய பயன் அதைப் பார்க்க வருகிறவருக்கு முன்னால் அதில் வாழ்ந்தவருக்கே கிடைக்க வேண்டும். உரலைத் தொட்டால் உலக்கைப் பாட்டு வரும். பரணைப் பார்த்தால், அங்கே ஒளித்து வைத்த முறுக்குப் பானையும் அதனால் விழுந்த அடியும் வரும். வீட்டை மாற்றுவதற்கு முன்னால் வாழ்ந்தவர்களை உள்ளே அழைத்துக்கொண்டு போய், மூலை மூலையாக நிற்க வைத்து, பேசவிட்டுப் பதிவுசெய்யுங்கள். அதற்குப் பிறகு பொருள்களைப் பட்டியல் எடுங்கள்: எது எங்கே இருந்தது, யார் வாங்கியது, எப்படி உடைந்தது. சுவரில் கை வைப்பது கடைசி. நாங்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்தோம்.

சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்யும் பணியை அரசு 1979இலேயே தொடங்கிவிட்டது. தேசிய ஆவணக் காப்பகத்தில் தமிழிலும் நேர்காணல்கள் இருக்கின்றன. பாட்டு, சடங்கு, கைத்திறன் போன்ற தொட்டுணரா மரபுகளைப் பேணும் யுனெஸ்கோ உடன்படிக்கையில் 2018இல் நாடு சேர்ந்தது, 2020இல் உணவங்காடிப் பண்பாடு உலகப் பட்டியலில் ஏறியது. கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தில் குடும்பங்கள் கொடுத்த பொருள்களும் உண்டு. இவ்வளவும் நல்ல அடித்தளம். ஆனால் உங்கள் அத்தையின் மூன்றாவது வரியை எந்த நிறுவனமும் வந்து கேட்காது. அது வீட்டில் இருப்பவர் வேலை.

எந்த வருடத்தில் நிறுத்துவது?

வீட்டைப் பழையபடி ஆக்குவோம் என்கிறோமே, எந்தப் பழையபடி? எங்கள் வீட்டிலேயே முதலில் சாணி மெழுகிய தரை, பிறகு சிவப்பு சிமெண்டு, பிறகு கூடத்தில் மட்டும் மொசைக். முதலில் சிம்னி விளக்கு, பிறகு மின்சாரம். 1990களில் மிக்சி வைக்க ஒரு கடப்பைக் கல். எதை வைப்பது, எதை எடுப்பது?

சிங்கப்பூரில் நீல் சாலையில் இருக்கும் பாபா ஹவுஸ், பெரனாக்கன் சீனர்களின் பெரிய குடும்பத்து வீடு. அதை 1928ஆம் ஆண்டில் எப்படி இருந்திருக்குமோ அப்படி அமைத்திருக்கிறார்கள். ஒரு வருடத்தைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். வேல்ஸில் செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தார் வேறு வழி எடுத்தார்கள். இரும்பாலைத் தொழிலாளர் குடியிருந்த ஆறு வரிசை வீடுகளைப் பெயர்த்து வந்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு காலத்தில் நிறுத்தினார்கள்: 1805, 1855, 1895, 1925, 1955, 1985. முதல் வீட்டில் நுழைந்து ஆறாவது வீட்டில் வெளியே வரும்போது ஒரு குடும்பம் ஏறி வந்த படிகளெல்லாம் கண்ணில் தெரிகின்றன.

ஒரே ஒரு சின்ன வீடு வைத்திருப்பவர் என்ன செய்வது? எதையும் எடுக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. மிக்சிக் கல்லும் இருக்கட்டும், அதற்குக் கீழே தூக்க முடியாமல் விட்ட ஆட்டுக்கல்லும் இருக்கட்டும். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. உள்ளே இரண்டு கைலி, காலியான கோடாலித் தைலப் புட்டி, நீல நிற வான்கடிதங்கள். புட்டியைத் திறந்து முகர்ந்தால் இன்னும் லேசாக வாசம் இருக்கிறது. வயல் வேலைக்குப் போகிற ஊரில் சிங்கப்பூர் எப்படி நுழைந்தது என்பதை உரலைவிட அந்தப் புட்டி நன்றாகச் சொல்லும். ‘சுத்தமான’ கிராமத்து வீடு ஒன்றை ஜோடிக்கிற ஆசையில் இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிடுவார்கள். தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களின் பண்பாட்டில் கப்பலுக்கும் பங்கு உண்டு.

சுவர் வேலைக்கும் ஒரு வார்த்தை. மண்சுவர், சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். அதன் மேல் சிமெண்டுப் பூச்சோ எமல்ஷனோ போட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, சுவர் உப்பிக்கொண்டு வரும். பழைய சுவருக்குப் பழைய சுண்ணாம்புதான் சரி. நாட்டு ஓட்டை வருடாவருடம் மாற்றி அடுக்க ஆள் வேண்டும். குரங்கும் தென்னை மட்டையும் உடைத்த ஓட்டைப் பார்க்காமல் விட்டால் ஒரு ஐப்பசி போதும், கூடத்தில் தண்ணீர் நிற்கும். அடுப்புப் புகை வெறும் அழுக்கு என்று நினைத்தோம் இல்லையா? பரண் மூங்கிலையும் பனை வாரையையும் பூச்சி அரிக்காமல் காத்தது அந்தப் புகைதான். அடுப்பு அணைந்த வீட்டில் கறையான் சீக்கிரம் ஏறும். சாணி மெழுகிய தரையும் அப்படித்தான், வாரம் ஒருமுறை கை பட்டால்தான் அது தரை, இல்லாவிட்டால் புழுதி. ஆக, பூட்டி வைத்துப் பாதுகாக்கிற வித்தை இந்த வீடுகளுக்குப் பலிக்காது. புழங்கினால்தான் நிற்கும்.

எனவே யார் புழங்குவது என்று முதலிலேயே தெளிவாகிவிட வேண்டும். சிங்கப்பூரிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போகிற நாம் இல்லை. தெருவில் இருக்கிற பெண்கள் மாலையில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடலாம், பள்ளிப் பிள்ளைகள் திண்ணையில் பாடம் படிக்கலாம், காதுகுத்துக்குக் கூடத்தைக் கேட்டால் கொடுக்கலாம். சாவியை எதிர்வீட்டில் கொடுங்கள். எந்தச் சாதித் தெருவில் வீடு இருக்கிறது, யார் திண்ணையில் ஏற முடிந்தது, யார் வாசலோடு நின்றார் என்ற கேள்வியும் வரும், வர வேண்டும். எங்கள் திண்ணையில் எல்லாரும் உட்காரவில்லை என்பதை அத்தை பதிவில் சொல்லியிருக்கிறார். அதை வெட்டாமல் வைத்திருக்கிறோம்.

கையெழுத்தும் பணமும்

இந்தப் பகுதி அலுப்பாக இருக்கும், ஆனால் பெரும்பாலான கனவுகள் இங்கேதான் மூழ்குகின்றன. தாத்தா சுயமாகச் சம்பாதித்துக் கட்டி, உயில் எழுதாமல் போயிருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன்களுக்குச் சமமாக மகள்களுக்கும் பங்கு உண்டு. ‘பொம்பளைப் பிள்ளைங்க கேக்க மாட்டாங்க’ என்று விட்டுவிட்டால் பின்னால் வழக்கு வரும். எல்லாரும் சேர்ந்து விடுதலைப் பத்திரமோ செட்டில்மெண்டோ எழுதிவிட்டுத்தான் வீட்டை ஓர் அறக்கட்டளைக்கு மாற்ற வேண்டும். நேரில் போக முடியாதவர்கள் இங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, ஊரில் நம்பகமான ஒருவருக்குப் பவர் கொடுக்கலாம்.

பணம் அனுப்புவதிலும் கவனம் தேவை. சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளவர் இந்திய அறக்கட்டளைக்குக் கொடுக்கும் நன்கொடை, 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பணம். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தாலும் அப்படித்தான். அந்தச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ பெறாத அறக்கட்டளை அதை வாங்கக்கூடாது. இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கே வேலை செய்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை. ஆளுக்கொரு தொகை போட்டு ஆர்வத்தில் அனுப்பிவிடாமல், கணக்கர் ஒருவரிடம் முதலில் பேசிவிடுங்கள்.

ஊரில் வீடே இல்லாதவர்கள் என்ன செய்வது என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருடைய பெற்றோர் மலாயாத் தோட்டத்தில் பிறந்து, சிங்கப்பூர்க் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். ஊர் எது என்றே சரியாகத் தெரியாது. நான் சொன்னது இதுதான்: நான்கறை வீவக வீட்டிலும் ஓர் அடுப்பங்கரை இருக்கிறது. உங்கள் அம்மாவை அங்கே நிற்க வைத்து, அவர் வளர்ந்த குவார்ட்டர்ஸின் வரைபடத்தை ஒரு தாளில் போடச் சொல்லுங்கள். குழாய் எங்கே, அடுப்பு எங்கே, சாமி மாடம் எங்கே, பக்கத்து வீட்டில் யார். அந்த அம்மா படம் போட மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டாராம். தாளில் இடம் போதாமல் இன்னொரு தாளை ஒட்டி, கள்ளுக்கடை வரைக்கும் வரைந்திருக்கிறார்.

எங்கள் வீட்டு வெள்ளைச் சுவரை என்ன செய்வது என்று பல நாள் பேசினோம். பழைய கைப்பேசிப் படங்களில் கோடுகள் மங்கலாகத் தெரிகின்றன. அவற்றைப் பார்த்து அதே இடத்தில் வரைந்துவிடலாம் என்று தம்பி சொன்னான். அத்தை ஒப்பவில்லை. “அது எங்கம்மா கை. நாம போட்டா அது கணக்கு இல்ல, கிறுக்கல்” என்றார். எமல்ஷனை மட்டும் எடுத்துவிட்டு அந்த ஒரு சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறோம். அப்பாயி எப்படிக் கோடு போடுவார் என்று அத்தை விளக்கிய பதினொரு நிமிடப் பதிவு அந்த அறையில் இருக்கும்.

வரும் தைப் பொங்கலுக்கு அத்தை ஊருக்குப் போகிறார். கியாஸ் வேண்டாம், அந்த மூலையிலேயே மண் அடுப்பு போட்டுப் பொங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். எதிர்வீட்டு அக்கா களிமண் மிதித்து அடுப்பு போட்டுக் காயவைத்திருக்கிறார். விறகுக்கும் சொல்லியாகிவிட்டது.